அவதி கொடுத்தது யார்?

வண்டியைக் கிருஷ்ணன்குட்டியின் ஒர்க்ஷாப்பில் கொண்டுவிட்டபோது திருவனந்தபுரத்தில் ஒரு மந்திரிசபை இருந்தது. பிறகு அது விழுந்தது. ஜனாதிபதி ஆட்சி வந்தது. மாநிலத்தையே களியக்காவிளையில் வைத்து அறுத்து, தெற்குத் துண்டை மதராஸுக்குக் கொடுப்பது என்று டில்லியில் முடிவாயிற்று. இத்தனை பெரிய வேலைகள் முடிந்துவிட்டன. ஒரு கியர்பெட்டி மட்டும் முடியவில்லை.

கிருஷ்ணன்குட்டி அமரவிளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தகரக் கொட்டகை போட்டிருந்தான். 'நாளைக்கு' என்ற ஒரே சொல்லை முதலாகப் போட்டுத் தொழில் நடத்துகிறவன். தமிழில் கேட்டால் நாளைக்கு என்பான். மலையாளத்தில் கேட்டால் நாளெ என்பான். எல்லைத் தகராறில் ஊரே இரண்டாகப் பிளந்து கிடந்த அந்த நாட்களில், இரண்டு மொழிக்காரர்களையும் சமமாக நடத்திய ஒரே ஆள் அவன்தான்.

வாரந்தோறும் வாசிக்கிறவர்களுக்கு வண்டியின் கதை தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குன்னத்துகால் ரப்பர் கான்ட்ராக்டர் பொன்னுதாஸ் தன் மகள் விமலகுமாரிக்குச் சீதனமாகக் கொடுத்த பிளஷர் கார் அது. கொடுத்தவர் மறு வருடமே போய்ச் சேர்ந்தார். சென்ற ஐப்பசியில் விமலகுமாரியும் டைபாயிடில் போனாள். அவள் அடக்கம் கழிந்த வாரம் வண்டியும் நின்றது. வீட்டில் மிச்சம் இருந்தது மூன்று பேர்: பொன்னுதாஸின் மனைவி செல்லபாய், மகன் ஜெயசிங், மருமகன் ராஜதாஸ்.

ராஜதாஸுக்கு இருபத்தெட்டு வயது. பி.ஏ. படித்தவன். மனைவி இறந்த பிறகு பள்ளிக்கூட வேலையை விட்டான். அடக்கத்தில் அவன் அழவில்லை. ஊர் அதைக் கவனித்து வைத்துக்கொண்டது. நாகர்கோவிலில் ஒரு சிநேகிதன் டாக்சி ஸ்டாண்டில் அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். வண்டி கிடைத்தால் போய்விடலாம். ஆனால் நவம்பரில் கோடு விழும். விழுந்துவிட்டால் நாகர்கோவில் வேறு மாநிலம். வேறு நம்பர், வேறு பெர்மிட், வேறு ஆபீசில் வேறு பல்லிளிப்பு. அதற்குள் வண்டி வராவிட்டால் மாமியார் வீட்டுத் தெற்கு அறையில், பெண்டாட்டி இல்லாத மருமகனாக, போட்டதைத் தின்று கிடக்க வேண்டியதுதான்.

சட்டம் என்று ஒன்று இருப்பதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். ராஜதாஸ் அதைத் தேடிப் போனான்.

முதலில் போலீஸ். வண்டியை அவன் திருடினானா, நீயே கொண்டுவிட்டாயா என்று ஏட்டு கேட்டார். நானே கொண்டுவிட்டேன் என்றான். அப்படியானால் அது சிவில். நம்பி ஒப்படைத்ததை அவன் விற்றுத் தின்ற பிறகு வா, அப்போது கிரிமினல் ஆகும் என்றார். விற்பதற்காவது அவன் வண்டியைத் தொட வேண்டுமே என்று ராஜதாஸ் நினைத்துக்கொண்டான்.

பிறகு வக்கீல் நோட்டீஸ். கிருஷ்ணன்குட்டி கையெழுத்துப் போட்டு மரியாதையாக வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் ராஜதாஸ் போனபோது அதை வைத்து பிளக் துடைத்துக்கொண்டிருந்தான். தாள் நல்ல கட்டி என்று பாராட்டவும் செய்தான்.

கடைசியில் கேஸ். வண்டியைத் திருப்பித் தர வேண்டும், ஓடாமல் கிடந்த காலத்துக்கு நஷ்டஈடும் தர வேண்டும் என்று நெய்யாற்றின்கரை முன்சீப் கோர்ட்டில் தாசையன் வக்கீல் போட்டார். வண்டியைப் பார்த்துவரச் சொல்லிக் கோர்ட்டு ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. அவர் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். அதில் எஞ்சினைப் பற்றி ஒரு வரி இருந்தது. பின்சீட்டில் அடைகாத்த கோழியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது.

ஆனாலும் சட்டம் ராஜதாஸ் பக்கம்தான் நின்றது. பழுது பார்த்தவன் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்கலாம். ஆனால் சொன்ன காலத்திலோ, நியாயமான காலத்திலோ அவன் வேலையை முடித்திருக்க வேண்டும். முடிக்காதவனுக்கு அந்த உரிமை கிடையாது. இதைத் தாசையன் வக்கீல் தானே எழுதிய சட்டம் போல விளக்கினார்.

அப்போதுதான் கிருஷ்ணன்குட்டி பதில் போட்டான். காலம் கடக்கவே இல்லை, வீட்டுக்காரர்களே எனக்கு அவதி தந்திருக்கிறார்கள் என்றான்.

அவதி என்றால் துன்பம் என்று மதுரைக்காரர்கள் நினைப்பார்கள். சரிதான். ஆனால் மலையாளத்தில் தவணைக்கும் அவதி, விடுமுறைக்கும் அவதி, கோர்ட்டு வாய்தாவுக்கும் அவதி. பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில் இருக்கிறவர்களுக்கு இரண்டும் சொந்தம். பள்ளிக்கூடத்துக்கு அவதி என்றால் பிள்ளைகள் துள்ளும். வயிற்றுக்கு அவதி என்றால் சுருண்டு படுக்கும். யாரும் குழம்பினதில்லை. குழம்புவதற்குக் கோர்ட்டு வேண்டியிருந்தது.

ஒர்க்ஷாப்புக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அப்புக்குட்டன் சாட்சிக் கூண்டில் ஏறி, தான் காதால் கேட்டதைச் சொல்லியிருந்தான். செல்லபாய் ஒருநாள் ஒர்க்ஷாப் முற்றத்தில் நின்று கிருஷ்ணன்குட்டியிடம், "இவ்வளவு அவதி குடுத்தாச்சு, இனி என்ன" என்றாள். அவ்வளவுதான் அவன் கேட்டது.

இன்று செல்லபாயைக் கூண்டில் ஏற்றும் நாள்.

காலையில் வக்கீல் ஆபீசில் தாசையன் விரலை நீட்டிப் பேசினார். அவருடைய கோட்டில் ஒரு பொத்தான் இல்லை. அதை மறைக்கவே விரலை அதிகம் நீட்டுகிறாரோ என்று ராஜதாஸுக்குத் தோன்றியது.

"குடுத்தாச்சுன்னா யாரு குடுத்தது? அவன் உங்களுக்குக் குடுத்தானா, நீங்க அவனுக்குக் குடுத்தியளா? அந்த ஒரு சொல்லிலயாக்கும் கேஸு நிக்குது. அவன் எங்களுக்குக் கஷ்டம் குடுத்தான், அதைத்தான் சொன்னேன்னு சொல்லணும். வேற ஒண்ணும் பேசண்டாம்."

செல்லபாய் தலையை ஆட்டினாள். குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பேசுவதற்கு ஜெயசிங் இடம் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

ஜெயசிங் இரண்டு வருடத்துக்கு முன், தமிழ்ப் பகுதிகளை மதராஸோடு சேர்க்கச் சொல்லி நடந்த மறியலில் பிடிபட்டு மூன்று நாள் லாக்கப்பில் இருந்தவன். அந்த ஆண்டு துப்பாக்கிச்சூட்டில் செத்தவர்கள் பிறகு பேசவில்லை. ஜெயசிங் அவர்கள் பங்கையும் சேர்த்துப் பேசினான். பனச்சமூடு சந்தையில் அவன் முழங்கும்போது மீன்காரிகள் விலை பேசுவதைக்கூட நிறுத்தவில்லை. கடைசியில் விளவங்கோடு மதராஸ் பக்கம் போயிற்று. அவன் வீடு இந்தப் பக்கம் நின்றது. அந்தத் தோல்வியை ஒரு காரின் பெயரால் ஈடுகட்டுவது என்று இப்போது தீர்மானித்திருந்தான்.

இது வண்டிக் கேஸே இல்லை என்று அவன் வக்கீலிடம் சொன்னான். இந்தக் கோர்ட்டில் மலையாளத்தில்தான் எல்லாம் எழுதுகிறார்கள். அம்மா சொன்னது தமிழ் அவதி என்று ஒரு முன்சீப் தன் கையால் ஒப்புக்கொள்ள வேண்டும். அது நடந்தால் நெய்யாற்றின்கரையில் தமிழ் தோற்கவில்லை என்று ஆகும்.

"வண்டி வரட்டுமே முதல்ல" என்றான் ராஜதாஸ்.

"உங்களுக்கு வண்டி மட்டுமாக்கும் அத்தான். உங்களுக்கு வேற ஒண்ணும் இல்லையே."

அது குத்துவதற்காகச் சொன்னதில்லை. ஜெயசிங்குக்குக் குத்தவும் தெரியாது. ராஜதாஸ் சன்னலுக்கு வெளியே பார்த்தான். கோர்ட்டு வளாகத்தில் ஒரு ஆடு போஸ்டர் தின்றுகொண்டிருந்தது. எந்தக் கட்சிப் போஸ்டர் என்று தெரியவில்லை. ஆட்டுக்கும் தெரிந்திருக்காது.

கோர்ட்டில் கூட்டம் இல்லை. கிருஷ்ணன்குட்டி சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான்; விரல் நகங்களில் கிரீஸ் அப்படியே இருந்தது. வேலை செய்கிறவன் என்று காட்ட அதை விட்டு வைத்திருப்பான். ராஜதாஸ் இத்தனை மாதமாக வெறுப்பதற்கு என்று வைத்திருந்த முகம் அது. அதைப் பார்த்தால் மற்றதெல்லாம் கொஞ்ச நேரம் மறந்து போகும். அந்த வகையில் கிருஷ்ணன்குட்டி பிரயோஜனமான ஆள்.

செல்லபாய் வேதபுத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். தாசையன் பாதை போட்டுக் கொடுத்தார். ஒர்க்ஷாப்புக்குப் போனது உண்டா? உண்டு. வண்டி பழுது பார்க்கப்படாமல் கிடந்ததைக் கண்டது உண்டா? கிடந்தது. அப்போது பிரதிவாதியிடம் என்ன சொன்னீர்கள்?

"அவதி குடுத்தாச்சு, இனி என்னன்னு கேட்டேன்."

இங்கே ஒரு தடங்கல் வந்தது. பெஞ்ச் கிளார்க்கின் பேனா நின்றுவிட்டது. தமிழில் எழுதினால் அவதிக்கு ஒரே 'தி' போதும். மலையாளத்தில் தவணை என்றால் ஒரு எழுத்து. துன்பம் என்ற தமிழ்ச் சொல் என்றால் வேறு எழுத்து. எதைப் போடுவது என்று கிளார்க் முன்சீப்பைப் பார்த்தார். முன்சீப் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை மாதக் கேஸ் ஒரு பேனா முனையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த நாட்டில் நீதி எங்கே இருக்கிறது என்று ராஜதாஸ் யோசித்ததுண்டு. இப்போது இடம் தெரிந்துவிட்டது.

முன்சீப் மலையாளத்தில் கேட்டார். இவள் அன்று பேசியது தமிழா, மலையாளமா?

பின்வரிசையில் ஜெயசிங் எழுந்து நின்றுவிட்டான். டவாலிச் சேவகன் உட்காரச் சொன்னான்.

"நான் பேசினது அவனுக்குத் தெரிஞ்சுது" என்றாள் செல்லபாய்.

யாரோ சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அம்மா, குடுத்தாச்சு என்று சொன்னீர்களே, கொடுத்தது யார், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

தாசையன் அவளைப் பார்த்து லேசாக இருமினார். காலையில் சொல்லிக் கொடுத்த பதில் அந்த இருமலில் முழுதாக இருந்தது.

செல்லபாய் கம்பியைப் பிடித்தாள்.

"நானாக்கும் குடுத்தேன்."

கிளார்க் நிம்மதியாக எழுத ஆரம்பித்தார். எழுத்து கிடைத்துவிட்டது.

"மூணு தடவை போனேன். மூணு தடவையும் அவதி குடுத்தேன். இப்பம் தரண்டாம், பையத் தந்தா போதும்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். அவன் பொய் சொல்லல்ல."

ராஜதாஸ் கிருஷ்ணன்குட்டியைப் பார்த்தான். கிருஷ்ணன்குட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை என்று யாரும் இதுவரை ஒரு சபையில் சொன்னதில்லை போலிருக்கிறது. எப்படி நிற்பது என்று தெரியவில்லை அவனுக்கு.

தாசையன் உட்கார்ந்தார். பிறகு சட்டென்று எழுந்தார். சட்டம் படித்தவனுக்கு எல்லாக் கதவும் அடைத்தாலும் ஒரு சன்னல் தெரியும். தவணை கொடுத்திருக்கட்டும் யுவர் ஆனர், எந்தத் தவணைக்கும் ஒரு முடிவு உண்டே, அந்த நாள் கழிந்துவிட்டால் அதன் பிறகு வண்டியைப் பிடித்து வைத்தது குற்றம்தானே என்றார். கடைசியாகக் கொடுத்த அவதி எந்த நாள் வரைக்கும் என்று சாட்சி சொன்னால் போதும்.

அது நியாயம் என்று முன்சீப் தலையசைத்தார். அவரே கேட்டார்.

"என்னு வரெயாணு அவதி கொடுத்தது?"

எந்த நாள் வரைக்கும். ஒரு தேதி. ஈஸ்டர் என்றோ, ஆடி கடைசி என்றோ ஏதாவது ஒன்று சொன்னால் வண்டி வந்துவிடும். ராஜதாஸ் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கிழவி பொய் சொல்லட்டும் என்று மனதில் கேட்டான். வேதபுத்தகத்தைத் தொட்டது தொட்டாயிற்று, ஒரு தேதி சொல்லட்டும்.

செல்லபாய் அவன் பக்கம் திரும்பவில்லை.

"எனக்க மருமவன் போவமாட்டேன்னு சொல்லுதது வரைக்கும்."

கிளார்க் எழுதவில்லை. முன்சீப் அதை ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்தார். இது தேதி இல்லை என்றார். வெளியே ஆடு கத்தியது.

கேஸை ஓணம் கழிந்து ஒரு நாளுக்கு அவதி வைத்துவிட்டு அவர் எழுந்து போனார்.

வராந்தாவில் ஜெயசிங் தாயிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது. அவளிடம் கத்துவதற்கு அவனிடம் முழக்கம் எதுவும் தயாராக இல்லை.

"மலையாளத்திலயா சொன்ன அம்மா? அவனுக்க பாஷையிலயா?"

"எலே, வண்டியப் பத்திக் கேளு" என்றாள் செல்லபாய்.

அவன் கேட்கவில்லை. கட்சி ஆபீசுக்குப் போகிறேன் என்று படியிறங்கினான். நெய்யாற்றின்கரையில் அந்தக் கட்சி ஆபீஸ் பூட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

கிருஷ்ணன்குட்டி ராஜதாஸின் பக்கத்தில் வந்து நின்றான். வேலை எப்போதோ முடிந்து கிடக்கிறது என்றான். அம்மச்சி வேண்டாம் என்றதனால் சொல்லவில்லை. பெண்ணைப் பறிகொடுத்த தாய் கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. இரண்டு டயர் மட்டும் கடனாக எடுத்து வேறு வண்டியில் போட்டிருக்கிறான், அதைத் திருப்பி மாட்ட வேண்டும். ஒரு கல்யாணத்துக்கும் ஓட்டினான், வண்டி சும்மா கிடந்தால் கெட்டுப்போகும் என்று. அவன் இரக்கமும் திருட்டும் ஒரே கிரீஸ் டப்பாவில் கிடந்தன. எது எது என்று பிரிக்க ராஜதாஸுக்கு அலுப்பாக இருந்தது.

"நாளைக்கு வந்து எடுத்துக்கிடும் சாறே" என்றான்.

ராஜதாஸ் அந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். முதல்முறையாக அது உண்மை என்று தெரிந்தது. அப்படியானால் நாளைக்கு நாகர்கோவில்.

பாறசாலை பஸ்ஸில் நெரிசல். மாமியார் பக்கத்தில் மருமகன் உட்காரும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. பஸ் அந்த வழக்கத்தை மதிக்கவில்லை. இருந்த ஒரே இடத்தில், பாதி உடம்பு நடைவழியில் தொங்க, ராஜதாஸ் உட்கார்ந்தான்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள் என்று பயம். அவள் அழவில்லை. ரோட்டைப் பார்த்தபடி பேசினாள். எப்போதும் அவனை நீங்க என்றுதான் சொல்வாள்.

"நீ போனா அந்த வீட்டில விமலாவுக்க பேரைச் சொல்ல ஆளு இல்ல மக்கா. ஜெயசிங்குக்கு மூணு கோடித் தமிழன் உண்டு. ஒரு அக்கா உண்டும்னு ஓர்மை இல்ல."

"நானும் சொல்லுததில்லையே மாமி."

அது நிஜம். அடக்கத்துக்குப் பிறகு அவன் வாயில் அந்தப் பெயர் வந்ததே இல்லை. தெற்கு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும்போதும் வந்ததில்லை.

"சொல்லண்டாம். சாப்பிடும்போ கறிவேப்பிலைய எடுத்துத் தட்டுக்க ஓரத்தில வரிசையா வைப்ப. அது அவளுக்க வேலையாக்கும். அவளைக் கெட்டி வரும்போ உனக்கு அந்தப் பழக்கம் இல்ல. நீ வாயைத் திறக்கண்டாம். தட்டு கழுவும்போ எனக்குத் தெரியும்."

ராஜதாஸ் தன் கையைப் பார்த்தான். அப்படி வைப்பது அவனுக்கே தெரியாது.

இத்தனை மாதமாக இந்த வீட்டில் தன்னைத் தின்னக் கிடக்கிறவன் என்று நினைக்கிறார்கள் என்று நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையில் அவர்கள் எல்லோரையும் அவமதிக்க வசதியாக இருந்தது. இப்போது வசதி போய்விட்டது. டைபாயிட் வார்டு வராந்தாவில் நின்ற நாள் நினைவுக்கு வந்தது.

அமரவிளையில் பஸ் நின்றது. பாலத்துக்கு இந்தப் பக்கம் தகரக் கொட்டகை தெரிந்தது. அதன் வாசலில் வண்டியின் முன்பக்கம், வெயிலில்.

ராஜதாஸ் எழுந்தான். இங்கே இறங்குவதாக அவன் முன்பே நினைத்திருக்கவில்லை. கால் எழுந்துவிட்டது.

செல்லபாய் அவனைத் தடுக்கவில்லை. எங்கே என்றும் கேட்கவில்லை.

"வாறேன் மாமி" என்றான்.

வீடு திரும்புகிறவனும் அதைத்தான் சொல்வான். ஊரை விட்டே போகிறவனும் அதைத்தான் சொல்வான். அவன் எதைச் சொன்னான் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. படியில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல், ரோட்டைக் கடந்தான்.

பஸ் நகர்ந்தது. நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள் காலியான இடத்தைப் பார்த்து நெருங்கி வந்தாள். இடுப்பில் கனத்த கூடை.

"இவிடெ ஆளு உண்டோ?"

செல்லபாய் குடையை எடுத்து அந்த இடத்தில் படுக்க வைத்தாள்.

"உண்டு" என்றாள்.